நீல நூல் போட்ட பட்டை

அவளுடைய இடது கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கருவளையம் இருந்தது. புதிதாகப் பார்ப்பவர்கள் வீட்டுக்காரன் அடிக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அடிக்க வீட்டுக்காரன் எங்கே இருந்தான்? மகளுக்கு நாலு வயதாகும்போதே ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த வளையம் வேலை போட்டது.

ராணுவத்துக்குப் பட்டை செய்யும் தொழிற்சாலையில் அவள் சோதனை மேஜைக்காரி. கையோ காலோ சிதைந்து ரத்தம் பீறிடும்போது காயத்துக்கு மேலே சுற்றி, அதில் இருக்கும் குச்சியை முறுக்கினால், ரத்த ஓட்டமே நின்றுபோகும். அப்படிப்பட்ட பட்டை. மருத்துவப் புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் எல்லாருக்கும் அது வெறும் பட்டைதான்.

நூறு பட்டைக்கு ஒன்றை எடுத்து உயிருள்ள உடம்பில் கட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. ரப்பர் கையில் கட்டினால் பட்டை இறுகுவது தெரியும். நாடி நிற்பது தெரியாது. ஆகவே அவள் தன் இடது கையில் கட்டுவாள். வலது கையால் குச்சியைத் திருப்புவாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது திருப்பில் குச்சியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, இடது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைப்பாள். நாடி நின்றிருக்க வேண்டும். அறுபது எண்ணுவாள். விரல்நுனி வெளுத்து, பிறகு நீலம் பாரிக்கும். அவிழ்ப்பாள். ஏட்டில் ஒரு டிக். ஒரு நாளைக்கு முப்பது தடவை. இப்படிப் பதினோரு வருடம்.

அதற்கு முன்னால் ஆறு வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். டாக்டர்கள் கடிகாரத்தைப் பார்த்துத் தேடிக்கொண்டிருக்கும்போதே, கிழவர்களின் மெலிந்த மணிக்கட்டில் நாடியைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவாள். அந்தப் பழக்கத்துக்காகத்தான் இங்கே வேலை கிடைத்தது. தையல் பகுதிப் பெண்கள் அவளுக்கு ‘நாடிக்காரி’ என்று பெயர் வைத்தார்கள். சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே நிலைத்துப்போனது.

சோதித்த பட்டையை மறுபடி பெட்டியில் போடக் கூடாது. அதன் வால்பக்கத்தில் நீல நூலால் நாலு தையல் போட்டு, மேஜைக்குப் பக்கத்திலிருக்கும் நீலத் தொட்டியில் எறிய வேண்டும். வாரக் கடைசியில் எல்லாவற்றையும் வெட்டி அழித்துவிடுவார்கள். வேலையில் சேர்ந்த முதல் நாளே என்ஜினியர் காரணம் சொல்லியிருந்தார். குச்சி பிளாஸ்டிக். முழுப் பலத்தோடு ஒரு தடவை முறுக்கினால் உள்ளுக்குள் சோர்ந்துவிடும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். இரண்டாவது தடவை தாங்கலாம், ஒடிந்தும் போகலாம்.

நாடிக்காரி தலையை ஆட்டினாள். வருடா வருடம் நடக்கும் பரீட்சையில் அந்தப் பதிலை எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். ஆனால் மனசு அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஒழுகுகிறதா என்று தண்ணீர் பிடித்துப் பார்த்த குடம்தானே நல்ல குடம்? ஆள் ஏறிப் பார்த்த ஏணிதானே நம்பகமான ஏணி? தன் கையில் கட்டி, தன் நாடியை நிறுத்திக் காட்டிய பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, யாரும் தொட்டே பார்க்காத தொண்ணூற்றொன்பதைப் பெட்டி கட்டி அனுப்புகிறார்களே என்று அவளுக்கு ஒவ்வொரு நாளும் உறுத்தும். ஒருநாள் தம்பியிடம் சொன்னாள்.

தம்பி அதே தொழிற்சாலையில் அச்சுக்காரன். அந்தக் குச்சிகளை வார்க்கும் இயந்திரம் அவன் பொறுப்பு. கல்யாணம் செய்துகொள்ளாமல், அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தான். அக்கா மகளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்ததும் அவன்தான், பிறகு கடன் வாங்கிய வேன் ஒன்றில் கியர் போடக் கற்றுக்கொடுத்து, தெருமுனைக் கம்பத்தை இரண்டு பேருமாகச் சாய்த்துவிட்டு வந்ததும் அவன்தான். அக்கா சொன்னதைக் கேட்டுச் சிரித்தான்.

“பிளாஸ்டிக் மனுஷன் மாதிரி இல்லக்கா. மனுஷன் அடிபட அடிபட தேறுவான். இது அடிபட்டா அவ்வளவுதான்.”

“நீ வார்க்கிற குச்சிமேல உனக்கே நம்பிக்கை இல்லையாடா?”

“ஒரு தடவைக்கு இருக்கு” என்றான்.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. அடுத்த சண்டை வரும்போது கிடங்குகள் காலியாக இருக்கக் கூடாது என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். எந்தச் சண்டை, யாரோடு, எப்போது என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்கு எத்தனை பட்டை வேண்டும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. பழைய கொட்டகைக்குப் பக்கத்தில் இரண்டு மடங்கு பெரிய கொட்டகை எழும்பியது. அச்சு இயந்திரம் ஒன்று இருந்த இடத்தில் ஐந்து. தையல் மூன்று ஷிப்ட். கன்வேயர் பெல்ட், பெட்டி தூக்கும் வண்டி, வாசலில் வரிசையாக லாரிகள். சாப்பாட்டு அறையில் நாற்காலி கிடைக்காமல் ஜன்னல் திட்டில் சாய்ந்துகொண்டு தையல் பெண்கள் பேசிக்கொண்டார்கள். வராத விருந்தாளிக்கு இப்படியா சமைப்பார்கள் என்றாள் ஒருத்தி. விருந்தாளி வந்துவிட்டால் நமக்கே சாப்பாடு இருக்காது, அதனால் வராமலே இருக்கட்டும் என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். மூன்று ஷிப்ட் என்றால் மூன்று மடங்கு ஆட்களுக்கு வேலை. சிரிப்பதற்குக் காரணம் இருந்தது.

உற்பத்தி ஐந்து மடங்கானது. நாடிக்காரியின் கை ஐந்து மடங்காகவில்லை. வேறு ஆள் போடுங்கள் என்று மேனேஜரிடம் போய் நின்றாள். அவர் ஏதோ ஒரு சுற்றறிக்கையைக் காட்டினார். இனி ஐந்நூற்றுக்கு ஒன்று போதும். புள்ளிவிவரப்படி அதுவே தாராளம். அவருக்குப் புள்ளிவிவரம் தெரியும், இவளுக்கு நாடி தெரியும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள விருப்பமில்லாமல் திரும்பி வந்து, அதே முப்பது பட்டைகளைக் கட்டினாள். அவளைப் பொறுத்தவரை, தொடப்படாமல் போன பட்டைகள் ஒன்றுக்குத் தொண்ணூற்றொன்பதாக இருந்தது இப்போது நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

அச்சுப் பகுதியிலும் அவசரம். வார்த்த குச்சி அச்சுக்குள்ளேயே இருபத்திரண்டு நொடி ஆற வேண்டும். அதைப் பதினெட்டாகக் குறைக்கலாமா என்று மேலேயிருந்து கேட்டார்கள். தம்பி பிடி கொடுக்கவில்லை. இருபத்திரண்டு என்றால் இருபத்திரண்டுதான் என்று ஒற்றைக் காலில் நின்றான். அந்தச் சண்டையில் அவன் ஜெயித்ததை அந்தத் தெருவே அறியும். இரண்டு வாரம் அதையே பேசித் தெருவின் தலையைத் தின்றான்.

கிடங்கு நிறைந்தால் அதை ஏற்றிப்போக ஆள் வேண்டுமே. ராணுவத்தின் சரக்குப் பிரிவு ஓட்டுநர்களை எடுக்க ஆரம்பித்தது, பெண்களையும் சேர்த்து. நாடிக்காரியின் மகள் விண்ணப்பம் போட்டாள். இருபத்திரண்டு வயது. ஓர் இடத்தில் நில்லாதவள் என்பதால் மாமன் சிறு வயதிலேயே ‘பம்பரம்’ என்று கூப்பிட ஆரம்பித்தான். நாக்கில் வேறு பெயர் வரவே இல்லை. தேர்வாகிவிட்டேன் என்று அவள் வந்து சொன்னபோது நாடிக்காரி பயத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. துப்பாக்கி உண்டா என்று கேட்டாள். ஸ்டியரிங்தான் உண்டு என்றாள் மகள். பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று பட்டியல் போட உட்கார்ந்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் நாடிக்காரி அந்தக் காரியத்தைச் செய்தாள். பதினோரு வருடத்தில் ஒரு குண்டூசி கூட எடுத்து வராதவள், நீலத் தொட்டியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அன்று கட்டிய முப்பதில் அதுதான் சிறந்தது. இரண்டரைத் திருப்பிலேயே நாடி பட்டென்று நின்றது. வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நீல நூலை ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். நாலு தையல். எட்டுச் சின்ன ஓட்டைகள். நகத்தால் தேய்த்துப் பார்த்தாள். கொஞ்சம் அடங்கியது, முழுசாக மூடவில்லை.

மகளுக்கு ராணுவத்திலேயே ஒரு பட்டை கொடுத்திருந்தார்கள். பிரிக்காத உறையில், இதே தொழிற்சாலையின் முத்திரையோடு.

“அத பெட்டிக்குள்ள போடு. கால்சட்டைப் பையில எப்பவும் இத வச்சுக்க. இது நான் கட்டிப் பாத்தது” என்றாள் நாடிக்காரி.

மகள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “ஊர்ல எல்லா அம்மாவும் தின்பண்டம் கட்டிக் குடுப்பாங்க. எங்கம்மா பட்டை கட்டிக் குடுக்குது.”

“பேசாத. பையில வை.”

“சரிம்மா, சரி. லாரிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ரேடியேட்டர் குழாய்ல கட்டிக்கிறேன்.”

சிரித்துக்கொண்டேதான் பைக்குள் வைத்தாள். பிறகு, சின்ன வயதில் செய்வது போல, அம்மாவின் இடது கையைப் பிடித்து அந்தக் கருவளையத்தை ஆள்காட்டி விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். அதோடு கிளம்பிப் போனாள்.

ஏழு மாதம் நன்றாகப் போனது. வாரத்துக்கு இரண்டு தடவை போன் வரும். எட்டாவது மாதம் ஒரு பெரிய ஒத்திகை வைத்தார்கள். சண்டை வந்தால் கிடங்கிலிருந்து எல்லைவரை எத்தனை நாளில் சரக்கைக் கொண்டுசேர்க்க முடியும் என்று பார்க்க வேண்டுமாம். இருநூற்றுப் பத்து லாரிகள், மூன்று சரக்கு ரயில்கள். போர் இல்லை, பகைவர் இல்லை, ஒரு குண்டு கூட வெடிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ரயில் நிலையச் சரக்கு மேடையில், பின்பக்கமாக வந்த லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் நகர்ந்தது. மேடைக்கும் லாரிக்கும் நடுவில் பம்பரம் நின்றிருந்தாள்.

மறுநாள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அதிகாரி. இன்னொருத்தி மகளோடு லாரி ஓட்டிய பெண். கண் வீங்கி, நகத்துக்குள் இன்னும் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அதிகாரி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தான். நாடிக்காரி, ஆஸ்பத்திரியில் இருந்தவள் அல்லவா, எந்தக் கால், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று கேட்டாள். அதிகாரி அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

வலது தொடை என்றாள் அந்தப் பெண். அடிபட்டவருக்கு அவருடைய பட்டையைத்தான் கட்ட வேண்டும், நம்முடையதை நமக்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அதன்படியே அவள் பம்பரத்தின் பையிலிருந்த பட்டையை எடுத்துச் சுற்றி முறுக்கினாள். ரத்தம் குறைந்தது. பம்பரம் கூட, “இறுக்கு, இறுக்கு, எங்கம்மா செஞ்சது” என்று சொன்னாள். மூன்றாவது திருப்பில் குச்சி ஒடிந்துவிட்டது. தன் கைதான் தப்பாகத் திருப்பிவிட்டது என்று நினைத்து, ஒடிந்த துண்டை வைத்தே மறுபடி முறுக்கப் பார்த்தாள். வழுக்கியது. தன்னுடைய பட்டை லாரிக்குள் கோட்டுப் பையில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து கட்டினாள். மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் மூன்று நிமிடம் என்பது என்ன என்று நாடிக்காரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் தலையைத் தடவி, உன்மேல் தப்பில்லை என்று சொல்லி, டீ போடப் போனாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பாத்திரம் வைக்க மறந்து, வெறும் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

‘எங்கம்மா செஞ்சது.’ அது எந்தப் பட்டைக்கும் பொருந்தும். உறையில் வந்ததும் அம்மாவின் தொழிற்சாலையில் செய்ததுதானே. கேலிக்காரப் பெண், அம்மா முகத்துக்கு முன்னால் வாங்கிப் பையில் வைத்துவிட்டு, அங்கே போனதும் மாற்றியிருப்பாள். சட்டம் தெரிந்த பிள்ளை. மாற்றித்தான் இருப்பாள். எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று இருபத்திரண்டு வருடம் குறைபட்டவள், இந்த ஒரு தடவையாவது தன் பேச்சை மகள் கேட்காமல் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். எல்லாம் முடிந்து, அஞ்சலி செலுத்த வந்தவர்கள் போய், வீடு காலியான பிறகும் அதையே வேண்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம் விசாரணை தொழிற்சாலைக்கு வந்தது. ஒடிந்த குச்சியோடு அந்தப் பட்டை உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் உறையில், சீல் வைத்து வந்தது. விசாரணை அதிகாரி ஒரு பெண். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், குரலை உயர்த்தாமல் பேசினாள். முதலில் அச்சுப் பகுதிக்குத்தான் போனாள். ஒடிந்தது குச்சியல்லவா.

மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. அச்சுக்காரன் ஒப்புக்கொண்டுவிட்டானாம். ஆறும் நேரத்தை இருபத்திரண்டிலிருந்து பதினேழாக நானே குறைத்தேன், இலக்கை எட்ட வேண்டுமென்று யாருக்கும் தெரியாமல் செய்தேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டானாம். தையல் பகுதியில் ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை. ஒடிந்த பட்டையோடு சேர்த்துச் செய்த தொகுதியில் எண்பதாயிரம் பட்டைகள். கிடங்கில் இருப்பவை, லாரிகளில் இருப்பவை, ஆட்களின் பைகளில் இருப்பவை எல்லாவற்றையும் திரும்ப எடுத்து எரித்துவிட உத்தரவு வரப்போகிறது என்றார்கள். ஐந்து இயந்திரங்களும் நின்றன. பதினோரு வருடத்தில் முதன்முறையாக அந்தக் கட்டடத்தில் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

இருபத்திரண்டு நொடிக்காக ஒற்றைக் காலில் நின்றவன் பதினேழாகக் குறைத்தானா? நாடிக்காரிக்கு அது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

சோதனை ஏட்டைச் சரிபார்க்க மூன்று மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் அந்த உறை கிடந்தது. பெற்றவளுக்கு அதைக் காட்ட வேண்டுமா என்று மேனேஜர் தயங்கினார். மூடி வைக்க வேண்டாம், அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றாள் நாடிக்காரி. ஒடிந்த குச்சியை அவள் பார்க்கவில்லை. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டை முழுவதும் பழுப்பாகக் காய்ந்து விறைத்திருந்தது. உறையைத் திருப்பி, வால்பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டினாள்.

எட்டு ஓட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ரத்தம் இறங்கிக் காய்ந்து, புள்ளி வைத்ததுபோலத் தெளிவாகத் தெரிந்தது.

கேட்டுவிட்டாள். பிள்ளை, அம்மா பேச்சைக் கேட்டுவிட்டாள்.

அதிகாரி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டாள். நாடிக்காரி, நாளைக் காலையில் வந்து சொல்கிறேன், அதுவரை எதையும் எரிக்க வேண்டாம் என்றாள். எழுந்து நேராகத் தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். இவளைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தான்.

“என்னை எவ்வளவு வேணா திட்டுக்கா. என்னாலதான்...”

“எத்தனை நொடிடா?” என்று கேட்டாள்.

“பதினேழு.”

“என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

அவன் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவியிருந்த தம்ளரை மறுபடி கழுவினான். பொய் சொல்லும்போது சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

“வாலைப் பாத்தியா?” என்றாள்.

தம்ளர் அவன் கையிலேயே நின்றது. “நீ பாக்க மாட்டேன்னு நெனச்சேன்” என்றான்.

காலையில் அந்த உறையைக் கையில் வாங்கியதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நீல நூலின் தடம் எங்கே விழும் என்று அந்தத் தொழிற்சாலையில் தெரியாதவர்கள் உண்டா? அதிகாரி குச்சியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் முடிவு செய்துவிட்டான். வேலை போகும், ஜெயில் கூட வரலாம். வரட்டும். தனியாள்தானே. அக்கா காலமெல்லாம் தம்பியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாள்; முகத்தில் முழிக்க மாட்டாள். ஆனால் ராத்திரி படுத்தால் கண்ணை மூட முடியும்.

“நானே வச்சுக்கிறேன்க்கா. எனக்குன்னு வேற என்ன இருக்கு? இத மட்டும் என்கிட்ட விட்டுடு” என்றான். சின்னப் பிள்ளைபோலக் கேட்டான்.

நாடிக்காரி அவன் கையிலிருந்த தம்ளரை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். குழாயை மூடினாள்.

“எண்பதாயிரம் பட்டைடா. அத்தனையும் நல்ல பட்டை. நீ இருபத்திரண்டு நொடி ஆறவச்சது. எனக்காக அத்தனையையும் எரிக்கச் சொல்வியா? நாளைக்கே இன்னொரு மேடையில இன்னொருத்தி நசுங்குவா. பையில கைய விட்டா ஒண்ணும் இருக்காது.”

“அதுக்கு வேற செய்வாங்க...”

“எப்ப? மூணு நிமிஷத்துலயா?”

அக்காவும் தம்பியும் அந்தச் சமையலறைத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்ளவில்லை. அழுவதற்குக்கூட ஆளுக்கொரு சுவர் தேவைப்பட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டியிலிருந்து எடுத்தது, நூலைப் பிரித்தது, மகளின் பையில் வைத்தது. எட்டு ஓட்டைகளையும் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினாள். அதிகாரி எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டு, விதி உங்களுக்குத் தெரிந்துதானே இருந்தது என்று கேட்டாள். தெரியும் என்றாள் நாடிக்காரி. பதினோரு தடவை பரீட்சை எழுதியிருக்கிறேன்.

“அப்புறம் ஏம்மா?”

“என் கையில தாங்குச்சு மேடம்” என்றாள்.

அதிகாரி அதை எழுதவில்லை. எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

இயந்திரங்கள் அன்று மத்தியானமே மறுபடி ஓடத் தொடங்கின. எண்பதாயிரமும் தப்பியது. தம்பிக்குப் பொய் வாக்குமூலத்துக்காக மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பு. பிறகு அதே இயந்திரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அவனைப்போல அச்சைத் தெரிந்தவன் வேறு ஆளில்லை, இலக்கோ வளர்ந்துகொண்டே இருந்தது. நாடிக்காரியைச் சோதனை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். மேனேஜருக்கு மனசு வரவில்லை. அட்டைப்பெட்டி மடிக்கும் பகுதியில் போட்டார். நீலத் தொட்டியும் போனது. இப்போது சோதனை மேஜையிலேயே சங்கிலி போட்ட ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. கட்டிப் பார்த்தவர் அவிழ்த்த கையோடு அங்கேயே இரண்டாக வெட்ட வேண்டும். தொழிற்சாலை முழுவதும் புதிய விதியைப் படித்துச் சொன்ன அன்று, அது யாரால் வந்தது என்று தெரிந்த தையல் பெண்கள் ஒருத்தியும் நாடிக்காரியின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவர்கள் காட்டிய மரியாதை.

அக்காவும் தம்பியும் இன்றும் இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார்கள். அவன் வருவான், சாப்பிடுவான், பல்பு போயிருந்தால் மாற்றிக் கொடுப்பான். பம்பரத்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை. பேச ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும்.

ஆறு மாதம் கழித்து மகளின் பெட்டி வந்தது. உடைகள், ஒரு ஜோடி பூட்ஸ், பல் உடைந்த சீப்பு, மாமன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம். அடியில், காலுறைகளுக்கு நடுவே, ராணுவம் கொடுத்த பட்டை. உறை பிரிக்கப்படவில்லை. அம்மா பெட்டிக்குள் போடச் சொன்னாள், போட்டிருந்தாள்.

நாடிக்காரி கட்டிலில் உட்கார்ந்து உறையைக் கிழித்தாள். ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டாள். கருவளையம் இருந்த இடம் இப்போது மற்ற தோலைப் போலவே ஆகிவிட்டது. எங்கே என்று அவளே தேட வேண்டியிருந்தது. குத்துமதிப்பாக ஓர் இடத்தில் பட்டையைச் சுற்றி, குச்சியைத் திருப்பினாள். ஒன்று. இரண்டு. மூன்று. கொக்கியில் மாட்டினாள். மணிக்கட்டில் விரல் வைத்தாள்.

நாடி நின்றுவிட்டது. அறுபது எண்ணினாள். நூற்று எண்பதுவரை எண்ணினாள், மூன்று நிமிடம். விரல்கள் நீலமாகி மரத்துப்போயின. குச்சி அசையவில்லை.

பிறகு அவிழ்த்து, மேஜை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, அதை இரண்டாக வெட்டினாள்.